வான் பாயக் கூடாத குளம்: தாது ஆலைகளும் தண்ணீர்க் கணக்கும்

2025 ஆம் ஆண்டில் இடம்பெற்ற இரு நிகழ்வுகள் வடக்கு, கிழக்கு மக்களின் நினைவிலிருந்து இலகுவில் அகலப் போவதில்லை. முதலாவது, ஆகஸ்ட் மாதத்தில் காற்றாலைத் திட்டத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கி நடத்திய தொடர் போராட்டம். இரண்டாவது, நவம்பர் மாத இறுதியில் நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்ட டித்வா புயல். அப்புயலின்போது பல இடங்களில் ஒரே நாளில் 200 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. குளங்கள் வான் பாய்ந்தன. மாவிலாற்றின் கட்டு உடைப்பெடுத்து மூதூர்ப் பக்கத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர நேர்ந்தது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் தொடர்பேதும் இல்லை என்றே மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஒன்று மண்ணைப் பற்றியது. மற்றையது மழையைப் பற்றியது. ஆனால் நிலத்திலிருந்து எடுக்கப்படும் தாதுப் பொருட்களில் மிகப் பெரும்பாலானவை நீரினால் கழுவப்பட்டோ நீரோடு சேர்த்து அரைக்கப்பட்டோதான் சந்தைக்குச் செல்கின்றன. அவ்வாறு பயன்படும் நீர் எங்கிருந்து எடுக்கப்படும், எங்கே தேக்கி வைக்கப்படும், அழுக்கடைந்த பின்னர் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளும் கனிய அகழ்வு பற்றிய நமது விவாதங்களில் மிக அரிதாகவே எழுப்பப்படுகின்றன. காணி பற்றிப் பேசுகிறோம். வருமானம் பற்றிப் பேசுகிறோம். வெளிநாட்டுக் கம்பனிகளைப் பற்றிப் பேசுகிறோம். தண்ணீர் பற்றிய பேச்சு, கிணற்று நீர் சுவை மாறிய பின்னரே தொடங்குகிறது.

இங்கு இன்னொரு விடயமும் கவனிக்கப்பட வேண்டியதாகும். பெரிய திட்டம் என்றால் எல்லோருடைய கண்ணும் அதன் மீது பதியும். நாளொன்றுக்கு 50 தொன் அல்லது 100 தொன் தாதுவை மட்டும் பதப்படுத்தும் சிறிய ஆலை என்றால், "இது சிறு கைத்தொழில்தானே, ஊர்ப் பிள்ளைகள் நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும்" என்ற எண்ணமே மேலோங்கும். அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ஆலை சிறியது என்பதனால் அதன் தண்ணீர்ப் பிரச்சினையும் சிறியது என்று முடிவு செய்வதுதான் தவறு. ஓர் எளிய கணக்கினூடாக இதனை விளங்கிக்கொள்ளலாம்.

நாளொன்றுக்கு 50 தொன் தாதுவை ஈர முறையில் அரைத்துப் பிரிக்கும் ஆலை ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இத்தகைய ஆலைகளில் தாதுவும் நீரும் கலந்த குழம்பே இயந்திரத்துக்கு இயந்திரம் ஓடுகிறது. அக்குழம்பின் நிறையில் 30 வீதம் தாது, 70 வீதம் நீர் என்று கொண்டால், 50 தொன் தாதுவுக்கு ஏறத்தாழ 117 கனமீற்றர், அதாவது 117,000 லீற்றர் நீர் தேவைப்படும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 120 லீற்றர் என்று கணக்கிட்டால், இது ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஒரு கிராமத்தின் முழு நாள் தேவைக்குச் சமமாகும்.

இந்த இடத்தில் ஆலைக்காரர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார். "நாங்கள் ஒவ்வொரு நாளும் புதுத் தண்ணீர் எடுக்கப் போவதில்லை. கழிவுக் குழம்பைக் குளமொன்றில் தேக்குவோம். சேறு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மீண்டும் ஆலைக்கே இறைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எண்பது வீதம் மீள்சுழற்சிதான்" என்பார். கோட்பாட்டளவில் இது சரியானதே. உலகின் நல்ல ஆலைகள் அனைத்தும் இவ்வாறுதான் இயங்குகின்றன. ஆனால் அந்த எண்பது வீதம் எந்த மாதத்துக்குரியது, எந்தக் குளத்துக்குரியது என்று கேட்பதற்குத்தான் நாம் தவறிவிடுகிறோம்.

கழிவுச் சேறு எவ்வளவுதான் இறுகினாலும் அதன் துணிக்கைகளுக்கிடையே நீர் சிறைப்பட்டே இருக்கும். படிந்த சேற்றின் நிறையில் 30 வீதம் நீர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 21 கனமீற்றர் நீர் அதில் அகப்பட்டுத் திரும்பி வராமல் போகிறது. அடுத்தது ஆவியாதல். நமது வரண்ட வலயத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகும் என்று கொள்வது மிகையான மதிப்பீடன்று. கழிவுக் குளத்தின் பரப்பு ஒரு ஹெக்டேயர் எனின், 5 மில்லிமீற்றர் என்பது 50 கனமீற்றர் ஆகும். ஆக, 117 கனமீற்றரில் 71 கனமீற்றர் ஒவ்வொரு நாளும் இழக்கப்படுகிறது. மீள்சுழற்சிக்கு எஞ்சுவது 40 வீதம்கூட இல்லை. மண்ணுக்குள் கசிந்து போகும் நீர் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனில், இத்தகைய சிறிய ஆலையில் தண்ணீரை அதிகம் குடிப்பது ஆலை அன்று, வெயிலில் விரிந்து கிடக்கும் குளமே என்பதாகும். அதே ஆலை, குழம்பைக் குளத்துக்கு அனுப்பு முன்னர் கூம்பு வடிவத் தொட்டியொன்றில் தெளியவிட்டு நீரை உடனடியாகவே திருப்பி எடுத்து, குளத்தின் திறந்த நீர்ப்பரப்பைக் கால் ஹெக்டேயராகக் குறைத்துக்கொண்டால், ஆவியாதல் 50 கனமீற்றரிலிருந்து 12.5 கனமீற்றராக இறங்கும். மீள்சுழற்சி 70 வீதத்தைத் தாண்டும். குளத்தை அகலமாக வெட்டுவதா, ஆழமாக வெட்டுவதா என்பது பொறியியலாளர்களின் உள்வீட்டு விடயமன்று. அயலிலுள்ள கிணறுகளின் தலைவிதியை அதுவே தீர்மானிக்கிறது.

கோடை காலத்துக்கான சேமிப்பைப் பார்ப்போம். மேற்சொன்ன அகன்ற குளத்தைக் கொண்ட ஆலை, மழையற்ற 120 நாட்கள் தொடர்ந்து இயங்க வேண்டுமாயின், இழப்பை ஈடுசெய்வதற்கு மாத்திரம் 8,500 கனமீற்றருக்கும் அதிகமான நன்னீர் வேண்டும். அதனை மூன்று மீற்றர் ஆழமான தேக்கத்தில் சேமித்தால், 120 நாட்களில் அந்தத் தேக்கத்திலிருந்தும் 60 சென்ரிமீற்றர் நீர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, ஆவியாகிவிடும். ஆகவே 10,000 கனமீற்றருக்கு மேற்பட்ட நீர் மாரி காலத்திலேயே சேர்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு சேர்த்து வைக்காத ஆலை ஆவணி மாதத்தில் எதனை நாடும்? ஒன்றில் குழாய்க் கிணற்றை நாடும். அல்லது சிறுபோகத்துக்கென விடப்பட்ட வாய்க்காலை நாடும். இரண்டும் ஏற்கனவே வேறொருவருக்கு உரித்தானவை.

இது கோடையின் கணக்கு. மாரியின் கணக்கு இதனிலும் பயங்கரமானது. ஒரு ஹெக்டேயர் குளத்தின் மீது ஒரே நாளில் 200 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,000 கனமீற்றர் நீர் சேரும். நீர்மட்டம் 20 சென்ரிமீற்றர் உயரும். குளக்கட்டின் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் அரை மீற்றர் இடைவெளி விடப்பட்டிருந்தால் ஆபத்தில்லை. ஆனால் குளத்துக்கு மேற்புறமுள்ள ஐந்து ஹெக்டேயர் சரிவு நிலத்தின் மழைநீரில் பாதி குளத்துக்குள் இறங்கினால் மேலும் 5,000 கனமீற்றர் சேரும். மொத்தம் 7,000 கனமீற்றர். நீர்மட்ட உயர்வு 70 சென்ரிமீற்றர். அரை மீற்றர் இடைவெளி போதாது. நீர் மண்கட்டின் மேலாக வழிய ஆரம்பித்தால் சில மணித்தியாலங்களில் அது கட்டையே அரித்துவிடும் என்பதை நமது கமக்காரர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

அந்தச் சரிவு நிலத்து நீரை மறித்து வேறு பக்கம் திருப்பிவிடும் வாய்க்கால் ஒன்று இருந்திருந்தால் ஆபத்தே ஏற்பட்டிராது. ஓர் ஆலையின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் மிகவும் மலிவானது இந்த வாய்க்கால். அவ்வாறே முதலில் கைவிடப்படுவதும் இதுதான். இரண்டு ஆண்டுகள் மழை குறைந்தால் அது தூர்ந்து, பற்றை மூடிப் போகும். மூன்றாம் ஆண்டு புயல் வரும்.

நமது முன்னோர் கட்டிய ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு வான் உண்டு. கொள்ளளவுக்கு மேற்பட்ட நீர் கட்டை உடைக்காமல் தானாகவே வழிந்து அடுத்த குளத்தைச் சேர்வதற்கான வழி அது. குளம் வான் பாய்ந்தால் ஊர் மகிழும். ஆனால் தாது ஆலையின் கழிவுக் குளம் வான் பாய்ந்தால் ஊர் அழியும். வான் வைத்தால் நஞ்சு வெளியேறும். வான் வைக்காவிட்டால் கட்டு உடையும். இந்த இக்கட்டுக்கு ஒரே மாற்று வழி, மிக மோசமான மழையையும் உள்வாங்கும் வெற்றிடத்தை ஆண்டு முழுவதும் குளத்தில் பேணுவதும், மிஞ்சும் நீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைப்பதுமாகும். கோடையைச் சமாளிக்கக் குளம் நிறைந்திருக்க வேண்டும் என்பது ஆலையின் தேவை. மாரியைச் சமாளிக்கக் குளம் வெறுமையாயிருக்க வேண்டும் என்பது ஊரின் தேவை. ஒரே குளத்தை இரண்டுக்கும் பயன்படுத்தப் பார்க்கும்போதே விபத்து தொடங்கிவிடுகிறது.

இது கற்பனை அச்சமன்று என்பதற்கு ருமேனியாவின் பாயா மாரே நகரம் சான்று பகர்கிறது. பழைய சுரங்கக் கழிவிலிருந்து சயனைட்டைப் பயன்படுத்தித் தங்கத்தைப் பிரித்தெடுத்த ஆலையொன்று அங்கு இயங்கிவந்தது. ஒரு சொட்டு நீரும் வெளியேறாத மூடிய சுழற்சி முறை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட பெருமை. அந்தப் பெருமையே அதன் குறைபாடாகவும் அமைந்தது. வெளியேற்றமே இல்லை என்று கணக்கிட்டவர்கள், மிகுதியாகச் சேரும் நீரை என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு எதனையும் செய்திருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் திகதி, மழையும் உருகிய பனியும் சேர்ந்து குளம் நிரம்பிக் கட்டு உடைந்தது. சயனைட்டுக் கலந்த ஏறத்தாழ 100,000 கனமீற்றர் நீர் ஆறுகளில் பாய்ந்து, ஹங்கேரியின் டிசா நதி வழியாக டனியூப் வரை சென்றது. வழியெங்கும் மீன்கள் செத்து மிதந்தன. வேறொரு நாட்டின் மக்கள் குடிநீரின்றித் தவித்தனர்.

கால் நூற்றாண்டு கழிந்தும் இந்தப் பாடம் கற்கப்படவில்லை. 2025 பெப்ரவரி 18 ஆம் திகதி ஆபிரிக்காவின் சாம்பியா நாட்டில், சம்பிஷி என்னுமிடத்திலுள்ள செப்பு ஆலையொன்றின் கழிவு அணை உடைந்து, அமிலம் செறிந்த கழிவு கஃபுவே நதியின் கிளையாற்றில் கலந்தது. பல இலட்சம் பேர் வாழும் கிட்வே நகரின் குழாய்நீர் விநியோகம் நிறுத்தப்பட்டது. அமிலத்தை நடுநிலைப்படுத்துவதற்காக அரசாங்கம் விமானங்களிலிருந்தும் படகுகளிலிருந்தும் ஆற்றில் சுண்ணாம்பைக் கொட்ட வேண்டியதாயிற்று. அந்நதியை நம்பியிருந்த விவசாயிகளும் மீனவர்களும் இழந்தவற்றை எந்தச் சுண்ணாம்பாலும் மீட்க முடியாது.

இலங்கையில் சயனைட்டைப் பயன்படுத்தும் தங்க ஆலைகள் இல்லையே, பின்னர் ஏன் இந்த அச்சம் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. புல்மோட்டையிலும் மன்னாரிலும் பேசப்படும் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகிய கனியங்கள், அவற்றின் பாரம், காந்தத் தன்மை, மின் தன்மை ஆகியவற்றைக் கொண்டே மணலிலிருந்து பிரிக்கப்படுகின்றன. அதற்குச் சயனைட்டு தேவையில்லை. இதனை மறைத்துப் பேசுவது மக்களுக்குச் செய்யும் நன்மையாகாது. ஆனால் கனிய மணலின் தண்ணீர்ப் பிரச்சினை வேறு வடிவத்தில் வருகிறது. அங்கு அஞ்ச வேண்டியது உப்பைப் பற்றியே.

கொக்கிளாய்க் களப்புக்கும் யான் ஓயாவின் கழிமுகத்துக்கும் இடையே அமைந்துள்ள புல்மோட்டையின் கரை, உலகிலேயே மிகச் செறிவான கனிய மணற் படிவுகளில் ஒன்றாகும். 1957 இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்ட காலந்தொட்டு அம்மண்ணின் பெயர் இல்மனைட்டோடு சேர்த்தே உச்சரிக்கப்பட்டு வருகிறது. கடலோரத்தில் ஆலை அமைவதால் கழுவுவதற்குக் கடல்நீர் இருக்கிறதே என்று எண்ணத் தோன்றும். மணலை முதலில் கழுவிப் பிரிப்பதற்குக் கடல்நீர் உதவும் என்பது உண்மையே. ஆயினும் உப்புப் படிந்த மணலை உலர்த்தி மின்புலத்தால் பிரிக்க முற்பட்டால் இயந்திரங்கள் செம்மையாக இயங்கா. உப்புக் கலந்த பொருளை வாங்குபவர்களும் ஏற்கமாட்டார்கள். ஆகவே இறுதிக் கழுவலுக்கு நன்னீர் தேவை. அதாவது, கடல்நீரைப் பயன்படுத்தும் ஆலையும் நன்னீர்க் கேள்வியிலிருந்து தப்பிவிட முடியாது. மேலும், கடல்நீரை நிலத்துக்குள் கொண்டுவந்து, தளத்தில் தடுப்பு விரிப்பு எதுவுமின்றி மணற் பாங்கான நிலத்தில் தேக்கினால் அந்த உப்பு நிலத்தடி நீரைச் சென்றடையும்.

மன்னார்த் தீவின் நிலை இதனிலும் நுண்மையானது. அங்கு ஆறு இல்லை, மலை இல்லை. மழைநீர் மணலினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர் நீரின் மீது ஒரு மெல்லிய வில்லையைப் போல மிதக்கிறது. அதுவே தீவின் கிணற்று நீர். நன்னீர் உவர் நீரை விட இலேசானது என்பதால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை உவர் நீர் அழுத்தி வைக்கப்படும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. இதனைத் தலைகீழாகப் பார்த்தால் ஆபத்து விளங்கும். அளவுக்கு மீறி இறைப்பதால் நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் நிலையாகத் தாழ்ந்தால், அடியிலிருந்து உவர் நீர் நான்கு மீற்றர் வரை மேலேறக்கூடும். வில்லை மெல்லியதாயுள்ள இடத்தில் அந்த நான்கு மீற்றரே கிணற்றின் முழு ஆயுளாக இருக்கலாம். பேசாலையின் கிணறும் எருக்கலம்பிட்டியின் கிணறும் தலைமன்னாரின் கிணறும் மண்ணின் மேலே வெவ்வேறு ஊர்களுக்குரியவை. மண்ணின் கீழே அவை அனைத்தும் ஒரே மழையை நம்பியிருப்பவை. உவர் நீர் ஏறும்போது அது தமிழர் கிணறு, முஸ்லிம் கிணறு என்று பார்த்து ஏறுவதில்லை.

இந்நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் கைகட்டி நிற்கிறது என்று கூறிவிட முடியாது. எப்பாவல வழக்கு அதற்குச் சிறந்த சான்றாகும். அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலயில் 1971 இல் கண்டறியப்பட்ட பொஸ்பேற்றுப் படிவை 30 ஆண்டுகளுக்கு வெளிநாட்டுக் கம்பனியொன்றின் பங்குடைமைக்குக் கையளிக்கும் உடன்படிக்கைக்கு எதிராக அப்பகுதி மக்கள் ஏழு பேர் உயர் நீதிமன்றத்தை நாடினர். கலாவெவவிலிருந்து அநுராதபுரத்தின் திசாவெவவுக்கு நீர் கொண்டு செல்லும் 87 கிலோமீற்றர் நீளமான ஜய கங்கை என்ற பண்டைய கால்வாய் அத்திட்டப் பகுதியினூடாகச் செல்வதும் வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வழங்கப்பட்ட தீர்ப்பில், படிவு பற்றிய முழுமையான ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் அங்கீகாரமும் இன்றி எவ்வித உடன்படிக்கையிலும் கைச்சாத்திடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் பணித்தது. அப்படிவின் அறுவடையாகக் கிடைக்கவிருந்த பொஸ்பேற்றைப் பதப்படுத்தும் இரசாயன ஆலைகள் திருகோணமலையில் அமையவிருந்தன என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டனர்.

இதற்கு எதிர்மாறான அனுபவம் யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்துக்கு உண்டு. அங்கு அனல்மின் நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்தமை தொடர்பான வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை வலியுறுத்தி, மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபாவைச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதுவும் மக்களுக்குக் கிடைத்த வெற்றிதான். ஆனால் இரண்டு வெற்றிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் உணர வேண்டும். எப்பாவல மக்கள் உடன்படிக்கை கைச்சாத்திடப்படு முன்னர் கேட்டார்கள்; நீரைக் காத்துக்கொண்டார்கள். சுன்னாகம் மக்கள் நீர் கெட்ட பின்னர் கேட்டார்கள். நட்டஈட்டையே பெற முடிந்தது. நட்டஈட்டைக் கிணற்றில் ஊற்றிக் குடிக்க முடியாது.

ஆகவே கேள்வி, அனுமதிக்கு முன்னர் கேட்பதற்கான வாய்ப்பு மக்களுக்கு உண்டா என்பதாகும். 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளன. அந்த அறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துத் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் வழங்கப்படுகின்றன. ஆனால் எந்தத் திட்டத்துக்கு மதிப்பீடு தேவை என்பதை வரையறுக்கும் 1993 ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தல், உள்நாட்டுக் கனிய அகழ்வைப் பொறுத்தவரை 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு, 25 மீற்றருக்கு மேற்பட்ட ஆழம் என்பன போன்ற அளவுகோல்களைக் கொண்டுள்ளது. கரையோரம், வனம் போன்ற பகுதிகளுக்குத் தனியான விதிகள் உண்டு என்பதும் உண்மையே. ஆயினும் அடிப்படை அளவுகோல் குழியின் அளவேயன்றித் தண்ணீரின் அளவன்று. சிறிய குழியிலிருந்து தாதுவைப் பெற்று ஊர்க் குளத்துக்கு மேற்புறத்தில் அமையும் சிறிய ஆலையொன்று, அந்த அளவுகோலின் கீழாக நுழைந்து, வழமையான அனுமதிப்பத்திரத்தோடு நின்றுவிடக்கூடிய இடைவெளி இங்குதான் இருக்கிறது.

இவ்வாறான நிலையில் செய்ய வேண்டியது யாது? ஆலையின் அளவு எதுவாயினும், அனுமதிக்கு முன்னர் அதன் தண்ணீர்க் கணக்கு மாதவாரியாகத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆண்டுச் சராசரி போதாது; ஆவணிக்கும் மார்கழிக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். நன்னீர்த் தேக்கமும் கழிவுக் குளமும் வேறு வேறாக இருக்க வேண்டும். கழிவுக் குளம் எத்தனை மில்லிமீற்றர் மழையைத் தாங்கும் என்ற எண்ணும், கட்டில் பேணப்பட வேண்டிய இடைவெளியும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். புயல் வேளையில் முதலில் அறுந்துபோவது மின்சாரம் என்பதால், நீரை இறைக்கும் பம்பிகளுக்கு மாற்று மின்பிறப்பாக்கி கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இவற்றோடு, ஆலை தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு கோடையும் ஒரு மாரியும் முன்னதாகவே அயற் கிணறுகளின் நீர்மட்டமும் உப்பின் அளவும் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிடின், பின்னர் "இந்தக் கிணறு முன்பே உவர்தான்" என்ற ஒற்றை வாக்கியம் எல்லா முறைப்பாடுகளையும் முறியடித்துவிடும். பிணைப்பணம் அகழ்வுக் குழியை மூடுவதற்கு மாத்திரமன்றிக் கழிவுக் குளத்தைப் பராமரிப்பதற்கும் போதுமானதாக அறவிடப்பட வேண்டும். ஏனெனில் உலகச் சந்தையில் விலை சரிந்தால் சிறிய நிறுவனம் ஒரே இரவில் கதவை மூடிவிட்டுப் போய்விடும். குளம் மட்டும் ஊரோடு இருக்கும். அடுத்த மாரியில் அதன் வாய்க்காலைத் துப்புரவு செய்ய எவரும் இருக்கமாட்டார்கள்.

ஆலைகளே வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. போரினாலும் இடப்பெயர்வினாலும் தொழில் இழந்த பகுதிகளில் கைத்தொழில் வேண்டும் என்பதை மறுப்பவர்கள் வீட்டில் அடுப்பெரியாத துயரை அறியாதவர்கள். மேலே சொன்ன கணக்கே, ஆழமான சிறிய குளமும் தெளியவிடும் தொட்டியும் முறையான வாய்க்காலும் இருந்தால் ஒரு சிறிய ஆலை ஊரோடு ஒத்து வாழ முடியும் என்பதையும் காட்டுகிறது. நேர்மையான முதலீட்டாளருக்கு இந்தக் கேள்விகள் தடையல்ல. கோடையில் நீரின்றி ஆலை நின்றால் முதலில் நட்டப்படுபவர் அவரே.

அதேவேளை, நமது தரப்பிலும் ஒரு குறைபாடு உண்டு. எதிர்ப்புப் போராட்டங்களில் நாம் உணர்வோடு பேசுகிறோம், எண்ணோடு பேசுவதில்லை. அதிகாரிகளும் கம்பனிகளும் எண்களை மேசையில் வைக்கும்போது நம்மிடம் பதில் எண் இருப்பதில்லை. கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோவில், தேவாலய சபைகளும் தமது ஊரின் கிணறுகளில் கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. இரண்டு ஆண்டுகளின் பின்னர் அந்தக் கொப்பி நூறு பதாதைகளை விடப் பெறுமதியானதாக இருக்கும்.

குளங்களின் கீழ் வாழ்ந்து பழகிய சமூகம் நாம். எவ்வளவு நீர் வரும், எவ்வளவு நிற்கும், எப்போது வான் பாயும் என்பதை அறியாமல் நமது பாட்டன்மார் ஓர் ஏக்கரையேனும் விதைத்ததில்லை. வயலுக்கு நீர் விடுவதற்கு முன்னர் கேட்கப்பட்ட அந்தக் கேள்விகளை ஆலைக்கு அனுமதி வழங்குவதற்கு முன்னரும் கேட்போமாயின் எப்பாவலயின் வரிசையில் சேர்வோம். கேட்கத் தவறுவோமாயின் சுன்னாகத்தின் வரிசையில் நின்று நட்டஈட்டுப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருப்போம்.